முதுகு அவனுடையது அல்ல

1

இந்தக் கதை எங்கள் குடும்பக் குழுவில் ஆரம்பித்தது. திருச்சியில் இருக்கும் என் அத்தை மகன் சபேசன் காலையில் சாமி படமும் மதியம் மூட்டுவலி வைத்தியமும் அனுப்புகிறவன். ஒரு நாள் ஒரு துண்டு வீடியோ அனுப்பினான். சரக்கு வண்டியின் பின்பலகையில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருக்கிறான். பச்சைச் சட்டை. நமக்கு முதுகு மட்டும்தான் தெரிகிறது. அழுகையை அடக்கப் பார்க்கிறான். முடியவில்லை. தோள் வெட்டி இழுக்கிறது, மூச்சைப் பிடிக்கிறான், மறுபடி இழுக்கிறது. அவ்வளவுதான் வீடியோ. கீழே சபேசன் எழுதியிருந்தான்: "மூஞ்சியக் காட்டாமலே அழ வைக்கிறான் பாரு இந்தப் பய. நம்மூர்ல எவன் இருக்கான் இப்படி?" பெரியம்மா வரிசையாக அழுகிற மஞ்சள் முகங்களைப் போட்டிருந்தாள்.

லாஸ் ஏஞ்சலஸில் என் சமையலறையில் உட்கார்ந்து அதைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அது அந்தப் பையனுடைய முதுகே அல்ல. நுபியா என்ற, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகு. அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன்.

சபேசனுக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் அனுப்பவில்லை. இப்போது உங்கள் கையில் இருப்பது அதுதான்.

2

அந்தப் பையன் எலிசெயோவைப் பற்றித் தொடக்கம் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"எலிசெயோ பர்ரகான் பிறந்தபோது அழவே இல்லை என்று—" (பொய். அவன் அம்மா சொல்வதைக் கேட்டால் பிரசவ வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்ததாம்.)

"ஹாலிவுட்டில் பழுப்புத் தோல் கொண்ட குழந்தைகளுக்கு—" (இது கட்டுரை. எழுதுவதற்கு என்னைவிடக் கோபக்காரர்கள் இருக்கிறார்கள்.)

"அவன் முகத்தைப் பார்த்தவுடனே எனக்கு—" (பார்த்தவுடனே ஒன்றும் தோன்றவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, துடைத்துவிட்டேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். படப்பிடிப்பில் நடிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது என் தொழில். இந்த ஊர்ச் சட்டம் அப்படி. பிள்ளை நடிக்கிற இடத்தில் ஒரு டீச்சர் இருந்தாக வேண்டும். பாடம் பாதி வேலை, கடிகாரம் பார்ப்பது மீதி வேலை. பிள்ளைக்கு உரிய நேரம் முடிந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். எத்தனை பெரிய டைரக்டராக இருந்தாலும் அதற்கு மேல் பிள்ளையை நிறுத்தி வைக்க முடியாது. இதனால் என்னை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் அதைப் பற்றிப் பெரிய வருத்தம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதில் வருகிற யாரும் தமிழ் பேசுகிறவர்கள் அல்ல. ஸ்பானிஷையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் கலந்து பேசுகிறவர்கள். எலிசெயோவின் அம்மா மரிக்ரூஸை எழுத உட்கார்ந்தால் அவள் மதுரைக்காரியாக மாறிவிடுகிறாள். அவள் திட்டுகிற வேகத்துக்கு வேறு ஊர் எனக்குத் தோன்றவில்லை. மகனை அவள் கூப்பிடும் சொல்லுக்கு 'ராசா' என்று போட்டிருக்கிறேன். ஏறக்குறையச் சரி.

3

நகரின் வடகோடியில், பக்கோய்மாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் மரிக்ரூஸுக்கு வேலை. அவள் புருஷன் இலாரியோ வீடுகளுக்குத் தரை ஓடு பதிப்பவர். (இலாரியோவை இந்தக் கதையில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல மனிதர், ஆனால் பேச மாட்டார். கதைக்கு இது பெரிய இடைஞ்சல். எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஒரே ஒரு வரி பேசுகிறார், அதற்காக வைத்திருக்கிறேன்.)

கடைக்கு முடி வெட்ட வந்த ஒருத்தி விளம்பரப் படங்களுக்கு ஆள் பிடிப்பவள். தரையில் உட்கார்ந்து வெட்டிய முடியைக் குவித்து மீசை வைத்து விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயது எலிசெயோவை அவள் பார்த்தாள். முதல் வேலை, ஒரு சூப் விளம்பரம். ஒவ்வொரு முறை எடுத்து முடித்ததும் வாயில் இருப்பதைத் துப்ப ஒரு வாளி வைத்திருப்பார்கள். பிள்ளை துப்பவில்லை. சாப்பாட்டைத் துப்பினால் அம்மா தோலை உரித்துவிடுவாள் என்று ஒவ்வொரு கரண்டியையும் விழுங்கினான். கடைசியில் அத்தனையும் டைரக்டரின் செருப்பில் வந்து சேர்ந்தது. விளம்பரம் நன்றாகவே ஓடியது.

அதன் பிறகு வந்த வேஷங்களை மரிக்ரூஸ் விரல் விட்டுச் சொல்வாள். "தோட்டக்காரன் மகன். எல்லை தாண்டுற கூட்டத்துல ஒரு பய. ஆஸ்பத்திரியில அழுவுற பய. மறுபடி தோட்டக்காரன் மகன். ஏன் டீச்சர், இந்த ஊர்ல எங்க ஆளு ஒருத்தனுக்கும் செடி நடுறதத் தவிர வேற வேலை இல்லையா? என் புருஷன் ஒரு செடி நட்டு நான் பாத்ததில்ல."

ஏழு வயதில் ஒரு நகைச்சுவைத் தொடர் கிடைத்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக் கடை நடத்தும் குடும்பம், அதில் இவன் கடைக்குட்டி. தொடர் பல வருஷம் ஓடியது. தெருவில் பழம் விற்கிறவர்கள் மாங்காய்த் துண்டில் மிளகாய்ப்பொடி தூவி அவனுக்குச் சும்மா கொடுத்தார்கள். நான் அவனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்ததும், அவன் எனக்குத் தெருப் பாஷையில் திட்டக் கற்றுக்கொடுத்ததும் அந்த வருஷங்களில்தான்.

நுபியாவும் அந்த வருஷங்களில்தான் வந்தாள். ஹோண்டுராஸ்காரி. உயரம் எலிசெயோவின் உயரம். பிள்ளை நட்சத்திரங்களுக்கு டூப் போடுவது அவள் பிழைப்பு. நான் எழுந்து நின்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதும், அவள் அவன் சட்டையையும் அவன் முடி போன்ற டோப்பாவையும் மாட்டிக்கொண்டு கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். முன்பக்கம் அவன், பின்பக்கம் அவள். தொடரில் நீங்கள் பார்த்த எலிசெயோவில் பாதி நுபியாதான்.

"ஏண்டா குட்டி, போன வாரத்துக்கு இந்த வாரம் வளந்துட்டியா?"

"கொஞ்சம், சித்தி."

"வளராத. நீ வளந்தா எனக்கு வேலை போயிடும்."

"நீங்களும் வளருங்க."

"நாளைக்கு ஆரம்பிக்கிறேன்."

4

இப்போது அந்தக் காட்சி. அவனுக்குப் பத்து வயது. தொடரில் அண்ணன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். தம்பி சரக்கு வண்டியில் தனியாக உட்கார்ந்து அழ வேண்டும்.

எலிசெயோவுக்கு அழுகை வரவில்லை. மதியம் முழுக்க முயற்சி செய்தான். கண்ணைக் கசக்கினான், மூச்சைப் பிடித்தான், தன்னையே கிள்ளிக்கொண்டான். டைரக்டர் தன் உதவியாளன் காதில் ஏதோ சொன்னார். 'அவன் நாய் செத்துப்போச்சுன்னு சொல்லு' என்று எனக்குக் கேட்டது.

"நாயைப் பத்தி யாராவது வாயத் தொறந்தீங்க, இப்பவே பிள்ளையக் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன்" என்றேன்.

யாரும் திறக்கவில்லை. அழுகையும் வரவில்லை. நேரம் முடிந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஓய்வறையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

[நுபியாவின் அம்மா அந்த வாரம்தான் ஹோண்டுராஸில் இறந்துபோனாள் என்றும், போக முடியாத அவள் அந்த வண்டியில் உட்கார்ந்து தன் அம்மாவுக்காக அழுதாள் என்றும் இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எழுதும்போது நானே அழுதேன். சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நுபியாவுக்குப் போன் செய்தேன். "எங்கம்மாவா? நல்லாத்தான் இருக்கா. நேத்துகூடப் போன்ல என்னைத் திட்டினா. யாரு கொன்னது?" என்றாள். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.]

நடந்தது இதுதான். நுபியா மிளகாய் மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். அவசரமாகக் கூப்பிட்டார்கள், அவசரமாக விழுங்கினாள், விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தாள், நிற்கவில்லை. விக்கலெடுக்கும் கைக்குழந்தையின் நெற்றியில் சிவப்பு நூலை எச்சில் தொட்டு ஒட்டுவது மரிக்ரூஸ் வீட்டு வழக்கம். அவள் தன் சால்வையிலிருந்து ஒரு நூலைப் பிடுங்கி நுபியாவின் நெற்றியில் ஒட்டினாள்.

"நான் என்ன கைக்குழந்தையா?" என்றாள் நுபியா. விக்.

"அளவு சரியாத்தான் இருக்கு. வாய மூடிக்கிட்டு உக்காரு."

நெற்றியில் நூலோடு போய் வண்டியில் உட்கார்ந்தாள். விக்கல் வெளியே தெரியக் கூடாது என்று மூச்சைப் பிடித்தாள். தோள் வெட்டி இழுத்தது. மறுபடி பிடித்தாள். மறுபடி இழுத்தது. டைரக்டர் திரையைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளக்குப் பிடிக்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார். படத்தில் விழாமல் முன்பக்கம் ஓரமாக நின்றிருந்த நானும் மரிக்ரூஸும் ஒருத்தி கையை ஒருத்தி கிள்ளிச் சிரிப்பை அடக்கினோம்.

5

சபேசனுக்கு வந்தது அதுதான். அவனுக்கு மூன்று வருஷம் தாமதமாக வந்தது. மற்ற உலகத்துக்கு மறு வாரமே போய்விட்டது.

எலிசெயோவுக்கு விருது கொடுத்தார்கள். இளம் நடிகருக்கான விருது, அந்த அழுகைக்காக. டூப் பற்றி வெளியே பேசும் வழக்கமில்லை என்று விளம்பரப் பிரிவுப் பெண் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தாள். அவன் மேடையேறி எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தான். இறங்கி வந்து, விருதை அம்மா மடியில் போட்டான். மரிக்ரூஸ் அதைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல், குவாதலூப்பே மாதா பக்கத்தில் வைத்தாள்.

நுபியா கவலைப்படவில்லை. "என் முதுகுக்கு விருது குடுத்த முதல் ஊரு இதுதான். என் புருஷன் அதைப் பாத்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

பையன்தான் சிரிக்கவில்லை. கடையில், பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட, "டேய், திரும்புடா, திரும்பி நில்லு!" என்று அவன் முதுகைப் படம் எடுத்தார்கள். எங்கே போனாலும் சுவரில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தான். ஒரு நாள் பாடத்துக்கு நடுவில் கேட்டான்.

"டீச்சர், நான் நல்லா நடிக்கிறேனா?"

"நடிக்கிற."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

உண்மையாகவே நன்றாக நடிப்பான். ஒரு தட்டைத் துடைத்து வைப்பதில் அப்பாவிடம் கோபித்துக்கொண்டதைக் காட்டிவிடுவான், நான் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை. உலகம் பார்த்த அவனுடைய ஒரே பெரிய நடிப்பு அவனுடையது அல்ல. இதை ஒரு பத்து வயதுப் பிள்ளை சுமந்துகொண்டு திரிந்தது எனக்குத் தாங்கவில்லை.

6

அவனுக்குப் பன்னிரண்டு வயது முடியும்போது தொடர் முடிந்தது. குரல் உடைந்தது. கால் நீண்டது. குழந்தை வேஷத்துக்குப் பெரியவன், வாலிப வேஷத்துக்குச் சின்னவன். அழைப்பு ஒவ்வொன்றாக நின்றது. இந்த இடைவெளியில் விழுந்த பிள்ளைகள் பலர் மறுபடி எழுந்து வருவதில்லை. மரிக்ரூஸுக்கு அது தெரியும். பையனுக்கும் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பெரிய டைரக்டரிடமிருந்து கூப்பிட்டார்கள். (இவருக்குப் பெயர் வைக்க மாட்டேன். உங்களுக்குத் தெரிந்த யாரையாவது நினைத்துக்கொள்வீர்கள், அது அவரல்ல.) அப்பாவும் மகனும் கதை, மகன்தான் மையம். அதில் தோட்டம் இல்லை, எல்லை இல்லை. பக்கம் பக்கமாகப் பேச்சு இருந்தது, கோபம் இருந்தது, ஒரு முழு ஆள் இருந்தான். எலிசெயோ திரைக்கதையைக் கையில் வாங்கிய நாளிலிருந்து படித்துக்கொண்டே இருந்தான். குளியலறையில் அவன் அந்த மகனாகப் பேசுவதைக் கேட்டு மரிக்ரூஸ் கதவுக்கு வெளியே நின்று அழுதாளாம்.

ஆனால் உதவியாளர் போனில் சொன்னது வேறு. "வசனம் அப்புறம் பாத்துக்கலாம். அவரு அந்த முதுகப் பாத்துத்தான் கூப்பிடுறாரு. முதல்ல அதைச் செஞ்சு காட்டச் சொல்வாரு."

அன்று மாலையே நுபியாவை வரவழைத்தார்கள். வண்டி நிறுத்தும் கொட்டகையில் ஒத்திகை. நானும் போனேன்.

"எப்படிப் பண்ணீங்கன்னு மட்டும் சொல்லுங்க சித்தி."

"நான் எங்கடா பண்ணேன்? அதுவா வந்துச்சு."

"மாங்காயத் தின்னு பாப்போம்" என்றாள் மரிக்ரூஸ். ஒரு கிண்ணம் நிறைய மிளகாய்ப்பொடியில் புரட்டிக் கொண்டுவந்தாள். இருவரும் தின்றார்கள். இருவருக்கும் கண்ணில் நீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது, விக்கல் மட்டும் வரவில்லை. நுபியா பொய் விக்கல் விக்கிப் பார்த்தாள். கோழி மாதிரி இருந்தது. எலிசெயோ தோளைக் குலுக்கிப் பார்த்தான். குளிரில் நடுங்குகிற மாதிரி இருந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இலாரியோ தன் ஒரே வரியைப் பேசினார்.

"அவன் மூஞ்சியப் பாக்கச் சொல்லுங்க அந்த ஆளை."

7

நடிப்புத் தேர்வு நாளன்று மரிக்ரூஸ் வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் ஓட்டினேன். பையன் உள்ளே போனான், கதவு மூடியது. நானும் அவளும் வராந்தாவில். அவள் ஜெபமாலையை உருட்டினாள்.

இங்கே எனக்குச் சில வழிகள் இருந்தன. உள்ளே போனவன் திரும்பி நின்று உலகமே வியக்கும்படி அழுதான் என்று எழுதலாம். படம் வந்தது, விருது வந்தது, ரகசியம் அவனோடு வளர்ந்தது. அல்லது, உள்ளே அவனுக்கு நிஜமாகவே விக்கல் வந்தது என்று எழுதலாம். (எழுதினேன். சபேசன்கூட நம்ப மாட்டான்.) அல்லது டைரக்டர் நல்லவர், "முதுகு கிடக்கட்டும், வசனத்தைச் சொல்லு" என்று—

கதவு சீக்கிரமே திறந்தது. பையன் எங்களைத் தாண்டி நடந்தான். வண்டிக்குப் பக்கத்தில் போய்த்தான் வாயைத் திறந்தான்.

"சொல்லிட்டேன்மா."

"என்னத்த?"

"அது நான் இல்லன்னு. நுபியா சித்தின்னு."

மரிக்ரூஸ் வெடித்தாள். "உன்னை யாருடா கேட்டா? அரிச்சந்திரன் பேரனா நீ? (இது என் தமிழ். அவள் ஒரு புனிதர் பெயரைச் சொன்னாள்.) இத்தனை வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தவனுக்கு இன்னைக்குத்தான் நாக்கு முளைச்சுதா? இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா என்ன கொள்ளை போயிருக்கும்?"

"அவரு திரும்பச் சொன்னாரு. திரும்பிட்டேன். செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். அழுகை வந்துச்சும்மா. நிஜமா வந்துச்சு. எனக்கு இந்த வேஷம் வேணும் வேணும்னு நெனச்சேன், பொங்கிக்கிட்டு வந்துச்சு. ஆனா அழுதா அவரு, 'ஆமா, அதேதான், அதே மாதிரி'ன்னு சொல்வாரு. என் அழுகையே சித்தியோடது மாதிரின்னு சொல்வாரு. அதான் அடக்கிக்கிட்டுத் திரும்பிச் சொல்லிட்டேன்."

 மரிக்ரூஸ் அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அவளைவிட அவன் உயரமாகிவிட்டான், குனிய வேண்டியிருந்தது. "பசிக்குதா ராசா?" என்றாள்.

"அவரு என்ன சொன்னாரு?" என்று நான் கேட்டேன்.

"தேங்க்ஸ் சொன்னாரு. சித்தி பேரை எப்படி எழுதணும்னு கேட்டு எழுதிக்கிட்டாரு."

8

வேஷம் சிகாகோவிலிருந்து வந்த ஒரு பையனுக்குப் போயிற்று. அடுத்த வாரம் நுபியா மரிக்ரூஸின் வீட்டுக்கு வந்தாள். நானும் இருந்தேன். எலிசெயோவுக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை, அவனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நுபியா கையில் இனிப்பு ரொட்டிப் பை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தப் படத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க" என்றாள். "அந்தப் புதுப் பையனுக்கு டூப். முதுகு நான்தான் வேணுமாம்."

மரிக்ரூஸ் அடுப்பை அணைத்தாள். "இதை எங்க வீட்டுல வந்து சொல்ல உனக்கு வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு. அதான் போன்ல சொல்லாம நேர்ல வந்தேன்." அவள் பையனைப் பார்த்தாள். "இந்த மாதிரி வேலை எனக்கு இதுவரைக்கும் வந்ததில்ல குட்டி. பேரைக்கூடப் போடுறாங்களாம். ஆனா நீ சொல்லலேன்னா என் பேரு அவருக்குத் தெரிஞ்சே இருக்காது. அது உன்னோட வேஷம். நீ வேணாம்னு சொன்னா நான் போகல. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன், மாதா மேல சத்தியம்."

"அவன் நல்லா நடிப்பானா?" என்று கேட்டான் எலிசெயோ.

"தெரியல. நான் பின்பக்கம்தானே இருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. எலிசெயோ பென்சிலைக் கீழே வைத்தான்.  பிறகு நிமிர்ந்து, நுபியாவிடம் பதில் சொன்னான். எதிரில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

அதை இங்கே எழுத வேண்டும். எழுதியும் பார்த்தேன். 'போங்க சித்தி' என்று எழுதினால் நீங்கள் அவனை மெச்சுவீர்கள். சபேசன் அதை மட்டும் வெட்டி எடுத்துக் குழுவில் போடுவான், பெரியம்மா மஞ்சள் முகங்களைப் போடுவாள். 'போகாதீங்க' என்று எழுதினால், இவ்வளவுதானா இவன் என்பீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அவன். ஐந்து வயதிலிருந்து அவன் தின்றதையும் சிரித்ததையும் யாராவது பார்த்து, நன்றாக இருக்கிறது, இன்னொரு தரம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவன் அழாத அழுகைக்குக்கூட மார்க் போட்டிருக்கிறார்கள். அந்தச் சமையலறையில் அவன் சொன்னதை நமக்காகச் சொல்லவில்லை.

அதனால், நேரம் முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். என் மேல் கோபம் வந்தால் படுங்கள்.

காட்சி பாக்கி இருக்கிறது, தெரியும். அடுப்பு அணைந்திருக்கிறது. மரிக்ரூஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். ரொட்டிப் பை மேசையில் இருக்கிறது. அவன் நாற்காலி காலி. அதில் வேறு யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே உட்கார்ந்தாலும் சரி. உட்கார்ந்ததும் நுபியா உங்களைப் பார்த்து, போகட்டுமா என்று கேட்பாள். நாளைக் காலைக்குள் அவள் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.